சொக்கலிங்கம் காட்டிய லண்டன்

கல்லூரிப் பியூன் வந்து, "சொக்கலிங்கம் சார் போயிட்டாக" என்றபோது சவரம் செய்துகொண்டிருந்தேன். "ஊரே அங்கதான் நிக்கிது சார், அம்புட்டுக் கூட்டம்" என்றான். துக்கத்துக்கு முன்னால் அந்தக் கூட்டம்தான் என்னைக் குத்தியது. இந்த இரங்கல் கூட்டத்தில், அவரை அறிந்த உங்களிடம் மறைப்பானேன்? அவர்மீது எனக்கு எப்போதும் பொறாமை.

இருவரும் இங்கிலாந்து வரலாறு நடத்தினோம். முடியாட்சி திரும்பிய கதை, சட்டங்கள், போர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். என் வகுப்பு உறங்கும். அரசர் திரும்பியதும் பூட்டிக்கிடந்த நாடகக் கொட்டகைகள் திறந்ததையும், முதன்முதலாகப் பெண்களே மேடையேறியதையும் அவர் சொல்வார். என் மாணவர்கள் அவர் சன்னலில் தொங்குவார்கள். "தேதிய நீங்க சொல்லிருங்க, சண்டைய நான் சொல்லிக்கிறேன்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஒருநாள் லண்டன் காப்பிக் கடைகளைப் பற்றிப் பேசினார். பிரபுவும் வியாபாரியும் ஒரே மேசையில் அமர்ந்து அரசரையே அலசிய கடைகள். திருவாதவூரில் பண்ணைக் கூலி வேலை செய்பவரின் மகன் கருப்பையா எழுந்தான். "மதுரையில என்னைய உள்ளயே விடமாட்டாகளே சார்."

அவர் புத்தகத்தை மூடினார். "வாப்பா, போய்ப் பாப்போம்." வராந்தாவில் நின்ற என்னையும் கூப்பிட்டார்.

காப்பி கிளப்பில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். "அந்தப் பையன் வெளிய நின்னு குடிக்கட்டும் சார்" என்றார் முதலாளி.

"அப்ப மூணு பேருக்கும் வெளியவே கொண்டாங்க."

தெருவில் நின்று குடித்தோம். மறுநாள் வகுப்பே தெருவில் நின்று காப்பி கேட்டது. உள்ளே பெஞ்சுகள் காலி. சில நாளில் முதலாளியே, "எல்லாரும் உள்ள வாங்கப்பா" என்றார். சொக்கலிங்கத்தின் உறவினர்கள் அவரைக் கல்யாணங்களுக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். வருத்தமா என்று கேட்டேன். "காப்பி நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். அந்தப் பதில் எனக்கு வாய்த்திருக்காது. நானும்தான் தெருவில் நின்றேன். ஊர் அவர் பெயரை மட்டும் சொல்கிறது.

அவர் வகுப்பை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாளே ஒருவன் கேட்டான்: "மக்கள் சம்மதம் இல்லாம ஆளக்கூடாதுன்னு வெள்ளைக்காரவுகளே எழுதிவச்சிருக்காக. அப்ப இங்க எப்படி சார் ஆளுறாக?"

என் வகுப்பில் அதுவரை எவனும் கேள்வி கேட்டதில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்து பேசினேன். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

சொக்கலிங்கம் எனக்கு விட்டுப்போனது இந்தப் பிள்ளைகளை. இவர்களை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.