பேய்க்குப் போன கூப்பாடு

மடுல்சீமைப் பனியைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஒரு கங்காணி குடையை விரித்துப் பனியின்மேல் சாத்தி வைத்துவிட்டு வெற்றிலை போடப் போனாராம்; வெயில் வந்த பிறகுதான் குடை கீழே விழுந்ததாம். அந்தப் பனிக்குள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு முகமும் கிடையாது, சேலை நிறமும் கிடையாது. சத்தம்தான் ஆள். ஒவ்வொருத்திக்கும் சொந்தமாக ஒரு கூப்பாடு உண்டு. பக்கத்துச் செடிவரிசையில் பறிக்கும் நிரைக்காரி பள்ளத்தில் இறங்கிவிட்டாளா, கொழுந்து நிறுக்கப் புறப்பட்டுவிட்டாளா என்பதெல்லாம் அதைக் கேட்டுத்தான் தெரியும். ஒருத்தியின் கூப்பாட்டை இன்னொருத்தி போடமாட்டாள். அடுத்தவள் தாலியை எடுத்துக் கட்டிக்கொள்வாளா எவளாவது?

ஜெயலெட்சுமியின் கூப்பாடு தாழ்வாகத் தொடங்கும், நடுவில் ஒரு சுழிப்புச் சுழிக்கும், உச்சியில் போய் நின்று நடுங்கும். எதிர்மலை நாய்கள் எழுந்து உட்காரும். மலைக்குக் கீழே தொலைவில் மொனராகலைக் கரும்புக்குள் மேய்ந்துகொண்டிருந்த யானை ஒன்று திரும்பிப் பார்த்தது என்றுகூடச் சொல்வார்கள். யானையை யாரும் விசாரிக்கவில்லை.

தம்பி விஜேந்திரனுக்கு இசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஊர் அக்காவின் தொண்டையைத்தான் காட்டும். கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவன், பதுளைக்குப் போய்க் கலியாண வீடியோக்களுக்குப் பின்னணி இசை போட்டான். புடவைக் கடை விளம்பரத்துக்குப் போட்டான். தேர்தல் வந்தபோது ஒரே மெட்டை இரண்டு கட்சிக்கும் கொடுத்து, இரண்டு மாலையும் வாங்கிக்கொண்டான். கடைசியில் ஜௌபர் என்பவரின் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, கொழும்புத் தொலைக்காட்சி நாடகங்களுக்கு இசையமைக்கத் தொடங்கினான்.

அந்தத் தொழிலில் மெட்டுப் போடுவதைவிட ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. பண்டாரவளைப் புல்லாங்குழல்காரருக்கும் தபேலாக்காரருக்கும் முகத்தில் முழிக்காத பகை. இரண்டு பேரையும் வரவழைத்து, ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்காரவைத்து, ஒரே பாட்டுக்குள் அடைத்துவிட வேண்டும். விஜேந்திரன் அதில் கெட்டிக்காரன். யாரிடம் எதைச் சொன்னால் வருவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

அக்காவிடம் எதைச் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்திருந்தது.

ஒருநாள் காலை, சின்ன ஒலிப்பதிவுக் கருவியோடு மலையேறி வந்தான்.

"அக்கா, ஒன் கூப்பாட்ட ஒருதரம் குடேன். புது நாடகத்துல ஒரு அம்மா வருது. தொலஞ்சுபோன மகன மலையில நின்னு கூப்புடுது. வயலின்ல, கொழல்ல எல்லாம் பாத்துட்டேன். சரிவரல."

"போடா! டிவிக்காரனுக்கு என் தொண்டைதான் கெடச்சுச்சா?"

"அம்மான்னா எனக்கு ஒங்கொரல்தானேக்கா ஞாபகம் வருது."

தாய் செத்த பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் ஜெயலெட்சுமி. அந்த ஒரு சொல்லுக்குக் கரைந்துபோனாள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுக் கொடுத்தாள். பிறகு போகிற இடமெல்லாம் சொல்லிவைத்தாள்: நாடகத்தில் அம்மாவாக வரப்போவது தன் சத்தம்.

நாடகம் தொடங்கிய அன்று வரிசை வீடுகளான லயமே அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்து அடைந்துகொண்டது. அவள் எல்லாருக்கும் வடை சுட்டு வைத்திருந்தாள்.

"பெரிய ஆளாயிட்டா எங்கள மறந்துறாதீங்கக்கா," என்றாள் பக்கத்து நிரைக்காரி யசோதினி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு.

திரையில் ஒரு பாழுங்கிணறு. அதிலிருந்து வெள்ளை முடியை விரித்துப்போட்டுக்கொண்டு ஒரு பேய் ஏறியது. கால் தரையில் படவில்லை. வாயைத் திறந்தது. வந்தது ஜெயலெட்சுமியின் கூப்பாடு. அதே சுழிப்பு, அதே நடுக்கம்.

யசோதினியின் பிள்ளை வீரிட்டு அழுதது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏன்டி ஜெயலெட்சுமி, எப்படி அந்தக் கெணத்துக்குள்ள எறங்குன?"

காம்பராவே சிரித்தது. ஜெயலெட்சுமியும் சிரித்துக்கொண்டே வடைத் தட்டை நீட்டினாள். "அம்மா பொறவு வருவா. கத இப்பத்தானே ஆரம்பிக்கிது."

தினமும் உட்கார்ந்து பார்த்தாள். பேய் தபால்காரரைத் தின்றது, கிராமசேவகரைத் தின்றது, இரண்டு பொலிஸ்காரர்களைத் தொப்பியோடு விழுங்கியது. அம்மா வரவில்லை. மலையில் அவள் கூப்பிட்டால் குமரிகள் "ஐயோ, பேயி!" என்று அலறி ஓடினார்கள். விளையாட்டுத்தான். யசோதினிக்குச் சிரிப்பு அடங்கிப் பதில் கொடுப்பதற்குள் ஜெயலெட்சுமி பனிக்குள் தனியாகத் தராசுவரை நடந்துவிடுவாள். அப்போதும் தம்பியை அவள் குறை சொல்லவில்லை. அம்மா வந்துவிட்டால் எல்லா வாயும் அடைத்துவிடும் என்று இருந்தாள்.

ஒரு சாயங்காலம் வேனில் விஜேந்திரனும் ஜௌபரும் வந்தார்கள். தம்பி கோயில் பக்கம் போயிருந்த நேரம், ஜௌபர் பால் விடாத பிளேன்டி குடித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, ஒங்க சத்தத்துலதான் அந்தப் பேயே ஓடுது. ரெண்டாம் பாகமும் கெடச்சிருச்சு."

"அந்த அம்மா எப்பங்க வருவா?"

"எந்த அம்மா?"

"மலையில நின்னு மகன கூப்புடுற அம்மா."

"அந்தக் கதையில அம்மாவே இல்லையேக்கா! மொதல்லருந்தே பேய்க்கின்னு சொல்லித்தானே விஜி..." ஜௌபர் அவள் முகத்தைப் பார்த்தார். மீதியைப் பிளேன்டியோடு விழுங்கிக்கொண்டார்.

தம்பி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஜெயலெட்சுமி கேட்டுவிட்டாள்.

"பேய்க்கின்னு கேட்டா நீ குடுத்திருக்க மாட்டேக்கா," என்றான் அவன்.

"குடுத்திருப்பேன்டா. சிரிச்சுக்கிட்டே குடுத்திருப்பேன். நீ அம்மான்னு சொன்னியே."

அவன் செருப்பை ஓரமாக ஒதுக்கி வைத்தான். பிறகு பையிலிருந்து கருவியை எடுத்தான். "சரி விடுக்கா. மொதப் பாகம் முடியிறப்ப அந்தப் பேய் சாகப்போகுது. இன்னும் கொஞ்சம் நீட்டமா ஒருக்கா குடு. இல்லாட்டியும் பழசு மெசின்ல இருக்கு, இழுத்துக்கலாம்..."

"இழுத்துக்க. அது இனி ஒன் பேயோடது. எனக்கு வேணாம்."

மறுநாள் காலை பனி மலையை மூடியிருந்தது. ஜெயலெட்சுமி புதிதாக ஒரு சத்தம் கொடுத்தாள். குட்டையாக, கதவை இரண்டு தட்டுத் தட்டுவதுபோல. பதில் வரவில்லை. மறுபடி கொடுத்தாள்.

"யாரது?" யசோதினியின் குரல்.

"நாந்தான்டி."

"என்னக்கா, சத்தத்த மாத்திட்டீங்க?"

நிரைகளுக்கு நடுவில் நின்று ஜெயலெட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். யசோதினி சிரிக்கவில்லை. அடுத்த நிரைக்குச் சொன்னாள், அது அதற்கடுத்த நிரைக்குப் போயிற்று. நாலைந்து பேர் அந்தப் புதுச் சத்தத்துக்குப் பதில் கொடுத்துப் பழகினார்கள். அப்போது கீழே ரோட்டில் வேன் ஒன்று நின்றது. பனிக்குள் ஆள் தெரியாவிட்டாலும் பேச்சு ஏறி வரும்.

"ஜௌபர், அது யாரு? நம்ம ஆளுக சத்தம் இல்லையே. நல்லாருக்கே! மெசின எடுங்க, எடுங்க!"

விஜேந்திரனுக்குத் தன் அக்காவை அடையாளம் தெரியவில்லை.

ஜெயலெட்சுமி வாயை மூடிக்கொண்டாள். யசோதினியும் மூடிக்கொண்டாள். நிரை நிரையாக மலை முழுக்கப் பேச்சு நின்றது. வேன் வெகுநேரம் காத்துக்கிடந்தது. கொழுந்து ஒடிகிற சத்தத்தைத் தவிர மேலேயிருந்து ஒன்றும் இறங்கவில்லை. கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு அது புறப்பட்டுப் போனது.

"அக்கா," என்று யசோதினி மெல்லக் கேட்டாள், "எங்க நிக்கிறீங்க?"

வேன் போய்விட்டதா என்று காது கொடுத்துப் பார்த்துவிட்டு, ஜெயலெட்சுமி முதுகுக் கூடையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.