குக்கரை அணைங்க!

“குக்கரை அணைங்க! யென் அண்ணே, முதல்ல உங்களைத்தான்!” என்று கத்திக்கொண்டே வரிசையில் வருகிறார் யூபிங் அக்கா. கத்துவதோடு நிறுத்தமாட்டார். கடைக்குக் கடை குனிந்து, மேசைக்கடியில் கைவிட்டு, கரண்ட் குக்கர்களின் வயரைத் தானே பிடுங்குவார். தைபேயின் அந்தக் கணினிச் சந்தையில் நாலாம் மாடிக்கு வயரிங் பழசு. எல்லார் சோறும் ஒன்றாக வேக ஆரம்பித்தால் ஃபியூஸ் போய்விடும். அங்கே மடிக்கணினி பழுதுபார்க்கும் அக்கா ஃபர்ம்வேர் மாற்றும்போது மட்டும் அது போகவே கூடாது. மடிக்கணினி கண் விழித்ததும் முதலில் ஓடுகிற மென்பொருள்தான் ஃபர்ம்வேர். பாதியில் கரண்ட் நின்றால் மெஷின் அத்தோடு காலி.

“இன்னிக்கும் அரைவேக்காடுதானா?” என்றார் பக்கத்துக் கடையில் ரிமோட் விற்கும் யென்.

“நல்லா மென்னு சாப்பிடுங்க. தொப்பையாவது கரையும்.”

மனிதர்களிடம் அதட்டல், மெஷின்களிடம் கெஞ்சல்: இதுதான் அக்காவின் சுபாவம். “எழுந்திரு கண்ணு, அம்மாவை அலைய விடாதே” என்று திருகாணியைக் கழற்றியபடி பேசிக்கொண்டே இருப்பார். புது மடிக்கணினி கொண்டுவருகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கொட்டாவி வரும்.

இன்று வந்திருப்பவர் ஃபூ குவோசின். கோயில் கொடிகளுக்குப் பூவேலை தைப்பவர், கையெல்லாம் டிராகன் உருவம் பச்சை குத்தியிருப்பவர். அவருடைய தையல் மெஷின் இந்த ஒரே ஒரு மடிக்கணினி சொல்வதைத்தான் கேட்கும். அதில் புது டிஸ்க் போட்டாயிற்று. பழைய ஃபர்ம்வேருக்கு அந்த டிஸ்க்கை அடையாளம் தெரியவில்லை; அதை மாற்றியாக வேண்டும். பேட்டரியோ பூரி மாதிரி உப்பிச் செத்து, கழற்றி வைத்தாகிவிட்டது.

“பேட்டரிக்கு சார்ஜ் ஏத்திட்டு வான்னு சொல்லுது. செத்தவன்கிட்ட கையெழுத்து கேக்குது பாருங்க!” என்று சிரித்து, ஏதோ கட்டளையைத் தட்டி அந்தக் கேள்வியையே எழாமல் செய்தார் அக்கா. இனி சுவர்க் கரண்ட் மட்டும்தான் துணை.

“மெஷின் போயிடாதுல்ல முதலாளியம்மா? திருவிழாக் கொடி பாதியில நிக்குது. இது போச்சுன்னா என் கடையையே மூடணும்” என்ற ஃபூ, பையிலிருந்து பயபக்தியோடு ஒரு ‘குவாய்குவாய்’ சோளப்பொரிப் பாக்கெட்டை எடுத்து மடிக்கணினி பக்கத்தில் வைத்தார். ‘சமர்த்தாக இரு’ என்று பெயரிலேயே புத்தி சொல்லும் பாக்கெட்; மெஷின் மக்கர் பண்ணாமலிருக்க இந்த ஊரில் எல்லாரும் அதைப் பக்கத்தில் வைப்பார்கள்.

அக்கா அலறினார். “மஞ்சளா! அது பேங்க்காரங்க பணத்துக்கு வெக்கிறது. மெஷினுக்குப் பச்சை! மெஷின் ஒழுங்கா ஓடுறப்ப எரியிற விளக்கு பச்சைதானே?”

“கடையில பச்சை தீர்ந்துபோச்சு...”

அக்கா எட்டி, யென்னுடைய பில் மெஷின் மேலிருந்த பச்சைப் பாக்கெட்டை எடுத்தார். “ஐயோ, என் மெஷின் படுத்துக்கும்!” என்று யென் பதற, காலாவதியானால் பலிக்காதே என்று தேதியைப் பார்த்துத் திருப்தியாகி, அதை மடிக்கணினி பக்கத்தில் வைத்து, எண்டர் பொத்தானை அழுத்தினார் அக்கா.

திரையில் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. உடனே எல்லாம் இருண்டது. விசிறிகூட நின்றுவிட்டது. இந்த இருட்டு வரும் என்று அக்காவுக்குத் தெரியும்; மெஷின் தானே அணைந்து மறுபடி எழும் நேரம் அது. ஆனால் இன்று இருட்டு வழக்கத்தைவிட நீண்டது.

“செத்துப்போச்சு!” என்று ஃபூ பவர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். அதைத் தொட்டால்தான் நிஜமாகவே செத்துப்போகும். அக்கா பாய்ந்து அந்த டிராகன் கையைப் பிடித்து மேசையோடு அழுத்தினார். வரிசையே எட்டிப் பார்த்தது.

விசிறி ஒரு முறை செருமியது. திரையில் வெளிச்சம் வந்தது. புது டிஸ்க்கின் பெயரும் வந்தது. ஃபூ மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். வரிசை நெடுகக் குக்கர்கள் மறுபடி டக், டக்கென்று உயிர் பெற்றன.

“அக்கா, திரை வந்து ரொம்ப நேரமாச்சு. இன்னும் அவர் கையைப் பிடிச்சிட்டிருக்கே!” என்றார் யென்.

யூபிங் அக்கா குனிந்து பார்த்தார். தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, விடுவதற்கு முன் அந்தப் புறங்கையைச் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்.