பூசையறைக்கு அடுத்த அறை

அறந்தாங்கியில் மணிமேகலையின் வீட்டில், சலவை இயந்திரம் நிற்கும் அறைக்கும் பூசையறைக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். குவைத்தில் கார்களுக்கு வண்ணம் பீய்ச்சும் தொழில் செய்யும் கணவர் வசந்தகுமார், கைப்பேசி வழியாகவே பார்த்துப் பார்த்துக் கட்டுவித்த வீடு. குடிபுகுந்த அடுத்த கோடையில் அந்த அறையிலிருந்து நாற்றம் எழுந்தது.

மாலையில் விளக்கேற்றி, பிரகதாம்பாள் படத்தின் முன் அமர்ந்து அவள் பதிகம் பாடத் தொடங்கினால், இரண்டாம் பாட்டுக்குள் சாக்கடை வாடை சுவர் கடந்து வந்துவிடும். சாம்பிராணி இட்டாள், புகை அடங்கியதும் நாற்றமே எஞ்சியது. அன்னையை இத்தகைய இடத்தில் இருத்தினோமே என்று நெஞ்சு நைந்து, படத்தைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே தொலைக்காட்சிக்கு அருகில் அம்பாளைக் காணவும் மனம் பொறுக்கவில்லை. அம்மை தன் அறைக்குத் திரும்ப வேண்டும். அது ஒன்றே அவள் வேண்டுதலாயிற்று.

தேடத் தொடங்கினாள். இயந்திர வாயின் ரப்பர் வளையத்தை விரித்தாள். கறுத்த வழுவழுப்பும் ஒரு கொண்டை ஊசியும் அகப்பட்டன. தேய்த்துக் கழுவினாள். வடிகட்டியைக் கழற்றி அலசினாள். பக்கத்து வீட்டுக் காத்தாயி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எலி செத்துக் கெடக்கும்டி. மிஷினை இங்கிட்டு நகத்து."

நகர்த்தினார்கள். ஒற்றைக் காலுறை கிடந்தது.

"இதுவா இம்புட்டு நாறுது? எங்க வீட்டுக்காரரு சாக்ஸா இருந்தாலாச்சும் நம்பலாம்" என்று காத்தாயி சிரித்தாள்.

கழிவுநீர்க் குழாயின் வாயில் ஈரத்துணியைத் திணித்துப் பார்த்தாள் மணிமேகலை. அப்போதும், குழாய் தரைக்குள் இறங்கும் மூலையில், டைல்ஸ் இடுக்கிலிருந்து நாற்றம் கசிந்தது. அடியில் இணைப்பு விட்டிருக்க வேண்டும். தரையை உடைக்காமல் வழியில்லை. அன்றே கணவரை வீடியோவில் அழைத்தாள்.

"போனை அங்கிட்டுத் திருப்பு. பளிச்சுன்னு இருக்கே மேகலை, என்ன கொறை?"

"பளிச்சுன்னுதாங்க இருக்கு. நாத்தம் போன்ல வராதுங்க. காத்தாயி அக்காவும் மூக்கப் பொத்துறாங்க."

"அந்தக்கா நாளைக்கு வீட்டையே இடிக்கச் சொல்லும். டைல்ஸை ஒடைச்சா அதே டிசைன் கெடைக்காது. லீவுல வாரேன்ல? நானே மோந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் சொல்லை மீறி உளி வைக்க அவளுக்குத் துணிவில்லை. காத்திருந்தாள்.

வசந்தகுமார் வந்தார். பெட்டியைப் பிரிக்குமுன்பே அந்த அறைக்கு அழைத்துச் சென்றாள். அவர் மண்டியிட்டு நெடுநேரம் மூச்சை இழுத்தார்.

"ஒண்ணும் இல்லையே மேகலை."

அக்கணமும் அவள் நாசி எரிந்துகொண்டிருந்தது. "தரைக்காகச் சொல்றீங்களா?"

"சத்தியமா இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் நம்பவில்லை. அன்று முழுவதும் அவரோடு பேசவும் இல்லை.

மறுநாள் காலை, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பூப்பறிக்கக் கொல்லைக்குப் போனாள். திரும்பியபோது வாசற்படி வரை கேஸ் வாடை அடர்ந்திருந்தது. பால் பொங்கிச் சுடர் அணைந்திருக்க, அடுப்பருகிலேயே நாற்காலியில் அமர்ந்து அவர் கைப்பேசியில் செய்தி படித்துக்கொண்டிருந்தார். பாய்ந்து குமிழைத் திருகி மூடினாள், சன்னல்களைத் திறந்தாள், அவர் கையைப் பற்றி வெளியே இழுத்து வந்தாள்.

"வாடை வரலையாங்க ஒங்களுக்கு?"

அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"எந்த வாடையும் வாரதில்ல, கொஞ்ச காலமாவே. மாஸ்க் போட்டாலும் பெயிண்ட் உள்ள போயிருது. சொன்னா நீ பயப்படுவ."

"அப்பறம் ஏங்க மோந்து பாக்கிறேன்னு சொன்னீங்க?"

"இங்க வந்தா நம்ம வீட்டு வாடையாச்சும் தெரியும்னு நெனைச்சேன்."

அவரே போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தார்.

"எந்த எடம்னு நீ சொல்லு."

மூலையைக் காட்டினாள். அவர் தேர்ந்தெடுத்த டைல்ஸ் சில்லு சில்லாகத் தெறித்தன. கறுத்த ஈரமண் வெளிப்பட்டதும் கிளம்பிய நாற்றத்தில், அவள் முந்தானையால் முகத்தை மூடிக் கதவுவரை பின்வாங்கினாள். மதிலுக்கு அப்பாலிருந்து காத்தாயியின் குரல் கேட்டது: "என்னத்தடி தொறந்தீங்க?"

அவர் இரு கையும் ஊன்றி, குழிக்குள் முகத்தைத் தாழ்த்தி, நெஞ்சு நிறைய இழுத்தார். பின் தலை நிமிர்ந்தார்.

"இங்கதானா மேகலை?"

கண்ணில் நீர் முட்ட அவள் தலையசைத்தாள். அவர் குனிந்து இன்னும் ஒருமுறை ஆழமாக இழுத்துப் பார்த்தார்.