கப்பல் சீஸ்

"இந்த வாசனைதான் மேடம் இதுக்கு அழகே" என்று சீஸ் கடைப் பெண் ஒரு துண்டைக் குச்சியில் குத்தி நீட்டினாள்.

வாசனையாம்! எழுபதுகளில், நான் மூணாங்கிளாஸ் படித்தபோது, ராயபுரத்து வாடகை வீட்டிலும் இதே நாற்றம்தான். ஹார்பரில் மூட்டை தூக்கிய நைனா, கப்பல் சமையல்காரன் கொடுத்த சீஸைப் பிரித்ததுமே வீட்டுக்காரம்மா ஓடிவந்தாள்.

"கருவாடு சுடாதேன்னு எத்தினி வாட்டி சொல்றது? கலீஜ் ஜனம்! வூட்டக் காலி பண்ணு!"

"கருவாடு இல்லம்மா, வெள்ளக்காரன் துன்ற சீஸு" என்றார் நைனா.

அவள் இளித்தாள். "அப்டியா? எனக்கும் ஒரு துண்டு குடேன்."

அம்மா மொத்தத்தையும் அவள் கண்ணெதிரே சாக்கடையில் வீசினாள். மறுநாள் நாங்களே காலி செய்தோம்.

"உங்க வீட்ல கருவாடு சுடுவீங்களா?" என்று கடைப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஐயே, நாறும் மேடம்!"

குச்சியை அவள் கையிலேயே திணித்துவிட்டு, கருவாடு வாங்கக் காசிமேட்டுக்குப் பஸ் ஏறினேன்.