முப்பதாம் நாள் இல்லாத மாதம்

காலண்டர் என்றால் கிழித்துப்போடும் தாள் என்று நினைப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதற்குப் புரோகிராம் எழுதிப் பிழைக்கும் நமக்குத்தான் அதைத் தொடவே பயம்.

கடைசி வருஷம்

தஞ்சாவூரில் ஒரு மாடி அறை, நானும் செல்வியக்காவும். பிறந்தநாள், நினைவுநாள் என்று குடும்ப நாட்களை நினைவூட்டும் செயலி செய்துகொண்டிருந்தோம். காலண்டர் கணக்குக்கு யாரோ எழுதிவைத்த ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்தப் புரோகிராம் தொகுப்பு. கேட்டால் ஒவ்வொரு காலண்டருக்கும் முதல் வருஷம், கடைசி வருஷம், மாதத்துக்கு எத்தனை நாள் என்று சொல்லும். அதிலிருந்த ஹிஜ்ரி காலண்டர், அதாவது முஸ்லிம்களின் பிறைக் கணக்கு, கடைசி வருஷம் 1500 என்றது. இங்கிலீஷ் கணக்கில் 2077. விளையாட்டாக 1501 கொடுத்தேன். அப்படி ஒரு வருஷமே கிடையாது என்று நின்றுவிட்டது. எட்டிப் பார்த்த செல்வியக்கா டீயைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணுக்கு அப்ப அறுபது வயசுதான் ஆகும். அதுக்கப்புறம் அவளுக்கு நாளே கிடையாதா தம்பி?"

இருபத்தொன்பதோடு சரி

அதிராம்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜலால் பாய்தான் முதல் வாடிக்கையாளர். வாப்பா என்று அவர் கூப்பிடும் அவருடைய அப்பா இறந்தது, ஹிஜ்ரியின் ஸபர் மாதம் முப்பது. செயலி அதை ஏற்கவில்லை. லைப்ரரியைக் கேட்டேன்: அந்த வருஷம் ஸபருக்கு இருபத்தொன்பது நாள்தான். பாய் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். இது சவூதியில் முன்கூட்டியே போட்ட கணக்கு, உங்கள் ஊரில் பிறை தெரியாமல் ஒரு நாள் கூடியிருக்கும் என்றேன். திரையில் இருந்த இருபத்தொன்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

"எங்க வாப்பா கபுர்ல என் கையால மண்ணள்ளிப் போட்டேன். இல்லாத நாள்லயா போட்டேன், சொல்லுங்க?"

அதே விடியல்

ஊர்ப் பிறை அறிவிப்புப்படி நாட்களைத் திருத்தும் வசதி சேர்த்தேன். முப்பது வந்தது. அப்பாடா என்றிருந்தேன்.

மறுநாள் சவூதியிலிருந்து பாயின் தங்கை ஜுலைகா கூப்பிட்டார். செயலியில் அவரும் பாயின் அதே குடும்ப அக்கவுண்டில் இருக்கிறவர். அவர் மகன் பிறந்தது அடுத்த மாதமான ரபியுல் அவ்வல் ஒன்று. என் திருத்தம் அதை ஒரு நாள் தள்ளிவிட்டதாம். பிறப்புச் சான்றிதழை வாட்ஸப்பில் அனுப்பினார். அதில் இங்கிலீஷ் தேதியைப் பார்த்தேன். வாப்பா இறந்த அதே நாள். இங்கே ஸபர் முப்பது, அங்கே அடுத்த மாதம் ஒன்று.

ஆளுக்கு ஒரு காலண்டர் வைத்துத் தருகிறேன் என்றேன்.

"பேரப்புள்ள பொறந்தாச்சுன்னு சொல்ல காலைல போன் போட்டோம். வாப்பா எடுக்கலை. இவன் மட்டும் அடுத்த மாசத்துல அழுதுக்கிட்டிருந்தான்."

காலண்டரின் விவரங்களை எடுத்துக் கொடுப்பது அரைநாள் வேலைதான், அந்த நாட்களில் யாரும் பிறக்காமலும் சாகாமலும் இருந்தால்.