கூடப் பொறந்தவங்க கட்டம்

வருமான வரிப் பாரம் நிரப்பித் தர்ற தொழில்னா, யாரோ போட்ட பாரத்துக்கு ஊர்ப்பட்ட வசவையும் நாம வாங்கிக் கட்டிக்கற தொழில்னு அர்த்தம். ஜூலை மாசம் கம்ப்யூட்டர்ல சுத்தற வட்டத்தை முறைச்சுப் பார்த்துக்கிட்டே மத்தியானச் சோத்தை மறந்து உக்கார்ந்திருக்கற என் சக பாவிகளே, உங்களுக்கு இதைச் சொல்லியா தெரியணும்? நான் ஆடிட்டருக்குப் படிச்சவ இல்லை. ஆனாலும் சூலூர்ல எல்லாருக்கும் நான் ஆடிட்டரம்மா. இந்த வருசம் மாத்தின பாரம் என் தூக்கத்தைக் கெடுத்ததோட நிக்கலை, ஈரோட்டுல ஒரு கல்யாணத்தையே ஆட்டிப் பார்த்துருச்சு. அதுக்கு வர்றேன்.

எளிமையாக்கிட்டாங்க

புதுப் பாரம் வந்த அன்னிக்கு அதுக்கு மேல பெருசா ஒரு வரி: வரி செலுத்துவோர் வசதிக்காக எளிமையாக்கப்பட்டுள்ளது. அந்த வார்த்தையைப் பார்த்ததுமே, இருந்ததையெல்லாம் எடம் மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன். நினைச்ச மாதிரியே முதல் பக்கத்துல இருந்த வாடகை வருமானம் நாலாவது பக்கத்துக்குப் போயிருச்சு. காலியா விட்டா ஒண்ணும் சொல்லாத கட்டமெல்லாம் இப்பச் செவப்பாகி, நிரப்பினாத்தான் அடுத்த பக்கம்னு அடம் புடிக்குது. பாரம் போட வர்ற கட்சிக்காரங்ககிட்ட என்னென்ன வாங்கணும்னு நாங்க சித்திரையிலயே அச்சடிச்சு வெச்சிருந்த தாளெல்லாம் வெட்டி.

என்கூட வேலை பாக்கறது ஜெசிந்தா. நிதானமான பொண்ணு, நான் கத்தற கத்துக்கும் சேர்த்து அவதான் பொறுமையா இருப்பா. அவளே அன்னிக்கு மவுசைத் தள்ளி வெச்சுப்போட்டுச் சொன்னா: "ஏனுங்க்கா, பருப்பு டப்பாவைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில வெச்சுப்போட்டு, சமையக்கட்டைச் சுத்தம் பண்ணிட்டேன்னு சொன்னா எப்படிங்க்கா?"

எறவையா, மானாவாரியா

சத்தியமங்கலம் பக்கத்துல மஞ்சள் போடற ஒரு பெரியவர், வருசா வருசம் பஸ் ஏறி எங்ககிட்டத்தான் வருவாரு. விவசாய வருமானம்னு போட்டா, நிலம் எத்தனை ஏக்கரு, சொந்தமா குத்தகையா, எறவையா மானாவாரியான்னு பாரம் கேக்குது. ரெண்டுல ஒண்ணைத்தான் தொட முடியும். நான் கேட்டேன். அவரு நெத்தியைச் சொறிஞ்சுக்கிட்டு, வாய்க்கால்ல தண்ணி வந்தா எறவைங்க, வராட்டி மானாவாரிங்கன்னாரு. ரெண்டும் போட முடியாதுங்கன்னேன்.

போன வருசம் எப்படின்னு கேட்டா, ஒரு போகம் வந்துச்சு, ஒரு போகம் வரலைங்கறாரு. அவரு சொல்றதுல ஒரு தப்பும் இல்லை. வயக்காட்டை ஒருநாளும் பாத்திராத ஆளு போட்ட கட்டம் அது. எறவைன்னு தொட்டு அனுப்பினேன். எந்திரிச்சுப் போறப்ப வாசல்ல நின்னு கேட்டாரு: "வாய்க்கால்ல தண்ணி உடறது அவங்க, அதை எங்கிட்டயே வந்து கேக்கறாங்களாக்கும்?"

ரெண்டே பேருதானுங்க

இனி அந்தக் கல்யாணக் கதை. வேலுச்சாமி, தங்கராசுன்னு அண்ணன் தம்பி. ஒரே வண்டியில வருவாங்க, ஒரே டீயைப் பிரிச்சுக் குடிப்பாங்க. அவங்க அப்பா கட்டின தறிக்குடோன் வாடகைக்குப் போயிருக்கு. இதுவரைக்கும் அவங்கவங்க சொன்ன வாடகையை அவங்கவங்க பாரத்துல போட்டோம், வேலை முடிஞ்சுது. இந்த வருசம் பாரத்துக்குப் பங்காளிங்க எத்தனை பேரு, அவங்க பேரு, பான் நம்பரு, ஆளுக்கு நூத்துக்கு எத்தனை பங்குன்னு எல்லாம் வேணும்.

"பத்திரம் யாரு பேர்லீங்க?" "அப்பன் பேர்லதானுங்க." "உயில் ஏதாச்சும்?" "இல்லீங்க." அம்மாவும் தவறிட்டாங்க. அப்ப கூடப் பொறந்தவங்க எத்தனை பேருன்னு கேட்டேன். பெரியவர் வேலுச்சாமி யோசிக்கவே இல்லை. "ரெண்டே பேருதானுங்க"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அஞ்சு நிமிசத்துக்கு முன்னாடிதான் ஈரோட்டுல கட்டிக் குடுத்த தங்கச்சி கலாமணியோட பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம், நாங்க மாமன் சீர் செய்யோணும்னு பெருமையாப் பேசிக்கிட்டு இருந்தாரு.

"கலாமணி?"ன்னேன். தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. உயில் இல்லைன்னா சட்டப்படி அவங்களுக்கும் உங்களுக்குச் சமமாப் பங்கு இருக்குதுங்கன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள பெரியவர் சிரிச்சுட்டாரு. நிசமாலுமே வேடிக்கையாத்தான் இருந்திருக்கு அவருக்கு. "அவளைத்தான் கட்டிக் குடுத்தாச்சுங்களே அம்மணி, அவளை எதுக்குங்க எண்ணிக்கிட்டு?"

நூறு வரலை

பாரம் விடலை. நானும் விடலை. கடைசியில தம்பி தங்கராசு போன் போட்டுக் கேட்க, கலாமணி என்ன ஏதுன்னு கேக்காம பான் கார்டைப் படம் புடிச்சு அனுப்பிருச்சு. ஜெசிந்தா மூணு பேருக்கும் சமமாப் பிரிச்சுப் போட்டா. மூணு முப்பத்தி மூணு புள்ளி மூணு மூணைக் கூட்டினா நூறு எங்க வருது? தொண்ணூத்தி ஒம்பது சொச்சம்தான் வருது, பங்கு தப்புன்னு செவப்பா எழுதிக் காட்டுது. ஒருத்தருக்கு மட்டும் கடைசியில மூணை நாலாக்கினாத்தான் நகருது. சமமாப் பங்கு வெக்கறது குத்தமாய்யா? அந்தப் புள்ளியை யாருக்குப் போடறதுன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கறப்ப, ஜெசிந்தா பெரியவர் பேருக்கு நேரா நாலைத் தட்டிட்டுச் சொன்னா: "யாராச்சும் ஒருத்தருக்குக் கூடக் குடுத்தாத்தான் ஏத்துக்குதுங்க்கா, நம்ம ஊரு வழக்கம் அதுக்கும் தெரிஞ்சுபோச்சு."

மாமன் சீர்

மறுவாரம், பாரத்தை அனுப்பறதுக்கு முன்னாடி, வேலுச்சாமி தனியா வந்தாரு. தங்கச்சி பேரு பாரத்துல ஏறினா நாளைக்கு அவ புருசன் ஊட்டுக்காரங்க கேஸ் போடுவாங்கன்னு யாரோ ஓதியிருக்காங்க. பங்கு வேண்டாம்னு கலாமணி ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டாப் போதும், பாதி பாதின்னு போட்டுடலாமில்லைங்கன்னாரு. எழுதிக் குடுத்தாலும் போன வருச வாடகைக்கு அவங்க பேரு இருந்தே ஆகணுங்க, எடுக்க மாட்டேன்னேன். அவரு கோபிக்கலை. பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாரு, வேற ஆளைப் பாத்துக்கறேன்னாரு. இத்தனை வருசக் கட்சிக்காரர், போகட்டும்னு விட்டேன். அவங்க எழுதிக் குடுக்க மாட்டேன்னுட்டா என்ன பண்ணுவீங்கன்னு மட்டும் கேட்டேன். நல்ல மனுசன், குரலைக்கூட ஒசத்தாமச் சொன்னாரு: "கையெழுத்துப் போட்டாத்தான் மணவறைக்கு வருவோம்னு சொல்லிப்போட்டேனுங்க, மாமன் இல்லாம எந்த ஊட்ல அம்மணி கல்யாணம் நடக்குது?"

டெல்லியில எவனோ ஒரு கட்டத்தைச் செவப்பாக்கப் போக, ஈரோட்டுல ஒரு பொண்ணு தாலிக்கு முன்னாடி அவங்கம்மா கையெழுத்து நிக்குது. பனைமரத்துல தேள் கொட்டினா தென்னைமரத்துல நெறி கட்டுமாம், அந்தக் கதைதான்.

அந்த ஒரு கட்டம்

ஆடி கடைசியில கலாமணி வந்துச்சு, கையில கல்யாணப் பத்திரிகையோட. அதுவரைக்கும் நான் நேர்ல பாத்ததில்லை. அண்ணனுங்க சொல்லி உங்களைத் தெரியுமுங்க்கா, அவசியம் வரோணும்னு மஞ்சள் தடவின பத்திரிகையை நீட்டுச்சு. தாய்மாமன்னு ரெண்டு பேர் பேரும் பெரிய எழுத்துல இருக்கு. "கையெழுத்து?"ன்னு கேட்டேன். "நேத்து ரிஜிஸ்தர் ஆபீஸ்ல போட்டுட்டனுங்க."

எனக்கு வந்துச்சே கோபம். உங்க அப்பா சொத்துங்க, யாரும் உங்களை வற்புறுத்த முடியாது, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதான்னு கத்தினேன். நான் ஓய்ஞ்சதுக்கப்புறம், எம் பேரு வந்துச்சுன்னாங்களே, அதைக் காட்டறீங்களாங்க்கான்னு கேட்டுச்சு. அனுப்பாமப் போன பாரம் எங்க கம்ப்யூட்டர்ல கிடந்துச்சு. காட்டக் கூடாதுதான். திறந்து காட்டினேன்.

நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டு உக்கார்ந்து, பெரியண்ணன் பேரு, சின்னண்ணன் பேரு, அதுக்குக் கீழ தன் பேருன்னு வாய்விட்டுப் படிச்சுது. மறுபடியும் ஒருக்கா படிச்சுது. அப்புறம் சேலையைச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சுச் சொல்லுச்சு: "எங்கப்பன் சொத்துல எனக்கு என்ன இருக்குன்னு இத்தனை வருசத்துல ஒருத்தரும் கேக்கலீங்க்கா, இந்தப் பாரந்தான் கேட்டுது."

ஆக, இந்த வருசம் பூரா அந்தப் பாரத்தைத் திட்டித் திட்டி நான் சேர்த்ததெல்லாம் வறட்டு இருமல்தான், அதுலயும் ஒரு கட்டத்தை மட்டும் வாயாரத் திட்ட முடியாமப் போச்சுங்க.