அங்காளம்மாள் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர்

புதுவாயல் கூட்ரோட்டில் இறங்கி கும்மிடிப்பூண்டிப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால், டயர் கடைக்கு அடுத்து ஒரு வாட்டர் சர்வீஸ் இருக்கிறது. வண்டியை ஏற்றி நிறுத்த, அடியில் ஆள் நிற்கும் உயரத்துக்கு இரண்டு சிமெண்டுத் திட்டு, ஒரு பம்பு, ஒரு நீல டிரம். அவ்வளவுதான் கடை. புடவையை முட்டி வரைக்கும் செருகிக்கொண்டு, மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே வண்டி கழுவுகிறவர்தான் அங்காளம்மாள்.

கடை அவர் வீட்டுக்காரர் குப்புராஜுடையது. பதினோரு வருடத்துக்கு முன் அவருக்கு இடுப்பு போய்விட்டது. குனிய முடியாது. அங்காளம்மாள் பம்புக் குழாயைக் கையில் எடுத்தார். முதல் இரண்டு மாதம் கார்க்காரர்கள் யாரும் உள்ளே வரவில்லையாம். ஒரு லாரி டிரைவர் மட்டும் வந்து, "யக்கா, நீ கழுவுனா பெயிண்ட் உரிஞ்சிடாதே?" என்று கேட்டிருக்கிறார். "உரிஞ்சா அது பெயிண்ட் இல்ல நைனா, ஊட்டுக்கு அடிக்கிற சுண்ணாம்பு" என்றாராம். அந்த டிரைவர் இன்றைக்கும் வருகிறார்.

இப்போது எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் மெக்கானிக்கிடம் காட்டுகிறார்களோ இல்லையோ, அங்காளம்மாளிடம் ஒரு தடவை கழுவக் கொடுப்பார்கள். கழுவி முடித்துவிட்டு அவர் "சரி" என்று சொன்னால் வாங்குவார்கள். துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டே பேசாமல் நின்றால் வாங்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பீட்டருக்கு இதில் நம்பிக்கை கிடையாது. "வண்டி கழுவுற பொம்பளைக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்?" என்பார்.

அவர் ஏழு வருடம் இன்னொருவர் வேனை ஓட்டினார். சோழவரம் பக்கத்து ஊர்களிலிருந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குக் காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன். நானும் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். அந்த வேனில் என்னோடு பன்னிரண்டு பேர் போவோம். அந்த ஓனர் தொழிலை விட்டுவிட, நாமே ஒரு வேன் வாங்கி அதே டிரிப்பை ஓட்டலாம் என்று பீட்டர் முடிவு செய்தார். புரோக்கர் சுப்பிரமணி ஒரு வெள்ளை வேனைக் கொண்டுவந்து காட்டினார். பீட்டர் போனில் நம்பரைப் போட்டுப் பார்த்தார். எஃப்சி அடுத்த வருடம் வரைக்கும் செல்லும் என்று வந்தது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று கவர்மெண்டே சொல்லிவிட்டது, இனி என்ன என்று போனை எல்லாருக்கும் காட்டினார். பின் கண்ணாடியில் ஒட்ட எங்கள் மகள் பெயரை 'சோனியா' என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கரும் வெட்டி வாங்கிவிட்டார். வண்டி இன்னும் கைக்கு வரவில்லை. ஸ்டிக்கர் வந்துவிட்டது.

நான் அந்த வேனில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தேன். புது மேட், புது சீட் கவர், மல்லிகைப்பூ சென்ட் வாசனை. வாசனை கொஞ்சம் அதிகம் என்று பட்டது. சொல்லத் தெரியவில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். நாலு பேர் எதிரில் வாய் வராது. அதனால் வேறு மாதிரி சொன்னேன்.

"ஞாயித்துக்கிழம பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணப் போறார். அழுக்கு வண்டியிலயா பண்றது? ஒரு தடவ கழுவிட்டு வந்துடலாம்."

ஜெபம் என்றதும் பீட்டர் மறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை போனோம். சுப்பிரமணியும் கூட வந்தார். அங்காளம்மாள் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கதவைத் திறந்து உள்ளே மோந்து பார்த்தார். பிறகு குழாயை எடுக்காமல், "எஃப்சி தாளு எங்க?" என்றார்.

பீட்டர் போனை நீட்டினார்.

"இது இப்பத்தி எஃப்சி. பழசெல்லாம்?"

"பழசு எதுக்குக்கா?" என்றார் சுப்பிரமணி. "இப்ப ஜோரா இருக்குதா, அத்தப் பாரு."

"ஆஸ்பத்திரில புள்ளைக்கு ஊசி போடப் போனா அட்டை முழுசும் கேக்குறாங்களா இல்லையா? கடைசி ஊசிய மட்டும் காட்டுனா நர்ஸம்மா சும்மா உடுவாங்களா?"

சுப்பிரமணி முனகிக்கொண்டே டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அங்காளம்மாள் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"எனுக்கு எழுத்து தெரியாதும்மா. நீ தேதியப் படி."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஆனாலும் படித்தேன். நான் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, அவர் தாளை வாங்கி ஒவ்வொரு சீட்டின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போனார். வண்டி 2015-இல் எடுத்தது. 2017, 2019, 2021. அந்தத் தாள் 2023 மார்ச்சோடு முடிந்தது. அடுத்த தாளைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

"2024 ஆகஸ்ட்லதான் ஆரம்பிக்குது, அக்கா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

அவர் ஒரு சீட்டைக் காலியாக விட்டுவிட்டு, அதற்கு அடுத்த சீட்டில் அந்தத் தாளை வைத்தார். வரிசையாகத் தாள்கள், நடுவில் ஒரு வெறும் சீட்டு. பதினேழு மாதம் இந்த வண்டிக்கு எஃப்சியே இல்லை. இத்தனை நாள் போனில் பச்சையாகத் தெரிந்த ஒரு தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வெறும் இடம் அதில் எங்கேயும் இல்லை.

"ஓனருக்கு உடம்பு செரியில்ல" என்றார் சுப்பிரமணி. "வண்டி சும்மா நின்னுக்கினு இருந்துச்சு."

"அப்டியா, பாவம்" என்ற அங்காளம்மாள் கீழே உட்கார்ந்து சீட்டின் காலைத் தொட்டுப் பார்த்தார். "சும்மா நின்ன வண்டியில எல்லா சீட்டுக்கும் எதுக்கு நைனா புது போல்ட்டு?"

நானும் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு போல்ட்டும் கடையில் வாங்கி நேற்று மாட்டியது போலப் பளபளத்தது.

"பீட்டரு, வண்டிய மேல ஏத்து."

வேன் திட்டின் மேல் ஏறியது. அங்காளம்மாள் உள்ளே போய்ப் புது மேட்டை நடுவிலிருந்து உரித்துச் சுருட்டினார். டிரம்மிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மோந்து, பின்பக்கத்திலிருந்து தரையில் மெதுவாக ஊற்றினார். நல்ல வண்டி என்றால் தண்ணீர் ஓடிவந்து கதவுப் படி வழியாக வெளியே விழ வேண்டும். நாங்கள் மூன்று பேரும் கதவுப் படியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு சொட்டும் வரவில்லை.

"எங்க போச்சு?" என்றார் பீட்டர்.

அங்காளம்மாள் வண்டிக்கு அடியில் போய் நின்றார். நானும் போனேன். இரண்டாவது வரிசை சீட்டுக்கு நேர் கீழே, வண்டியைத் தாங்கும் நீளமான இரும்பிலிருந்து செங்காவி நிறத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அந்த இரும்பின் ஓட்டையில் விரலை விட்டார். வெள்ளையாகப் பொடி வந்தது. நான் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்தார். விரலை நாக்கில் வைத்தார். துப்பினார்.

"உப்பு" என்றார். "மீன் வண்டி."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பைபிளில் படித்திருக்கிறேன், மறைவில் இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது என்று. ஒரு வாளித் தண்ணீரில் அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நம்ம பொறந்த வூடு பழவேற்காடும்மா" என்றார் என்னிடம். "அங்க இப்டித்தான். சீட்டெல்லாம் கழட்டிப் போட்டுட்டு ஐசும் மீனும் ஏத்துவாங்க. சீட்டு இல்லாத வண்டிய எஃப்சிக்குக் காட்ட முடியுமா? அதான் காட்டல. ஐசுத் தண்ணி, மீன் தண்ணி எல்லாம் உள்ள எறங்கி உக்காந்துக்கும். அப்புறம் சீட்ட மாட்டி, தகடு வெச்சி ஒட்டி, பெயிண்ட் அடிச்சி எஃப்சி வாங்கிடுவாங்க. அன்னிக்கு லைட்டு எரிஞ்சிருக்கும், பிரேக்கும் புடிச்சிருக்கும். மேட்டுக்கு அடியில இன்னா இருக்குதுன்னு யாரு பாக்கப் போறா?"

பீட்டர் முகம் சிவந்துவிட்டது. "துருன்னா எல்லா வண்டியிலயும்தான் இருக்கும். பேஜாரு பண்ணாதக்கா."

அங்காளம்மாள் சண்டைக்குப் போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஸ்குருடிரைவரை எடுத்து அவரிடம் நீட்டினார். "குத்திப் பாரு."

பீட்டர் குத்தினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்ததும் துரு பொலபொலவென்று அவர் தலையில் கொட்டியது. அந்த இடத்துக்கு மேலேதான் இரண்டாவது வரிசை. அதில் நான்கு பேர் உட்காருவார்கள். ஜன்னலோரம் எப்போதும் நான்.

பீட்டர் ஸ்குருடிரைவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மேலே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் எதுவும் பாக்கலப்பா, எனுக்கே தெரியாது" என்று சுப்பிரமணி சாவியை வாங்கக் கையை நீட்டினார்.

"இரு" என்றார் அங்காளம்மாள். "கழுவக் குட்த்த வண்டி. அழுக்கா அனுப்ப மாட்டேன்."

வேனை மேலும் கீழும் கழுவினார். அரை மணி நேரம் ஆனது. விற்கக் கூடாத வண்டி என்று தெரிந்தும், சக்கரத்தின் இடுக்கைக்கூட விடாமல் தேய்த்தார். கடைசியில் சுப்பிரமணியிடம், "அந்த இரும்ப வெட்டி எட்த்துட்டு வேற வெச்சி வில்லு. இல்லன்னா இத்த எங்க பாத்தாலும் நான் சொல்லுவேன்" என்றார். சுப்பிரமணி தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து செவ்வாப்பேட்டையில் ஒரு ஸ்கூல் வேன் கிடைத்தது. பீட்டர் போனைத் தொடவில்லை. பழைய எஃப்சி எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, என்னிடம் கொடுத்துத் தேதியைப் படிக்கச் சொன்னார். நடுவில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை. நேரே புதுவாயலுக்கு ஓட்டிவந்து, தானே மேட்டைச் சுருட்டி, தானே வாளியில் தண்ணீர் மோந்து, "அக்கா, நீ ஊத்து" என்றார்.

தண்ணீர் ஓடிவந்து கதவுப் படியில் கொட்டியது. அங்காளம்மாள் அது கொட்டி முடியும் வரை பார்த்தார்.

"சரி" என்றார்.

பீட்டர் சீட்டுக்குப் பின்னாலிருந்து சுருட்டிய ஸ்டிக்கரை எடுத்தார். அங்காளம்மாள் கையைக் கழுவிக்கொண்டு, பின் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒரு குமிழும் இல்லாமல் என் மகள் பெயரைத் தடவித் தடவி ஒட்டினார். எழுத்து தெரியாதவர். ஆனால் ஒரு எழுத்தும் கோணவில்லை.